கைமாறிய கேட்ச்சர்களும் கலங்கிய ஊர்களும்

அமெரிக்க தேசத்தில் பெரிய பேஸ்பால் குழு ஒன்றைத் தனக்கென்று வைத்திருக்கும் எந்த நகரத்துக்குப் போனாலும், ஜூலை மாதத்தின் கடைசி வாரம் பிறந்துவிட்டால், அங்கே முடிதிருத்தும் கடைகளிலும் மதுச்சாலைகளிலும் தொழிற்சாலை வாசல்களிலும் நடக்கும் சம்பாஷணையில் அதுவரை இல்லாத ஒரு பதற்றம் புகுந்துவிடுவதைக் காணலாம். குழுக்கள் தங்கள் ஆட்டக்காரர்களைத் தமக்குள் மாற்றிக்கொள்வதற்கு விதித்த கெடு அநேகமாக அந்த வாரத்தோடு தீர்ந்துபோகிறது. ஆகையால், நேற்றுவரை நம்மவன் என்று உரிமையோடு பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒருவன், நாளைக் காலையில் வேற்றூர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கக்கூடும் என்ற பயம் ஒவ்வொரு அபிமானியையும் பிடித்து ஆட்டுகிறது. இந்தப் பரிமாற்றங்களுக்குள்ளே விசேஷமான வகை ஒன்று உண்டு. பல ஆண்டுகள் களத்தில் நின்று பெயரெடுத்த ஒரு கேட்ச்சரை அனுப்பிவிட்டு, அவருக்கு ஈடாக, பெரிய களத்தில் இன்னும் காலெடுத்து வைக்காத, ஊரார் பெயரைக்கூடக் கேட்டறியாத இரண்டு மூன்று இளைஞர்களை வாங்கிக்கொள்வதுதான் அது. அப்படி ஒரு செய்தி வரும்போது எழும் கூக்குரலுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதை அறியாமையின் கூச்சல் என்று தள்ளிவிடும் முதலாளிகளும் பத்திரிகைக்காரர்களும் எக்காலத்திலும் உண்டு. அந்தச் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, அப்படித் தள்ளுவது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேட்ச்சர் என்பவர் யார் என்பதைக் கிரிக்கெட் அறிந்த நம்மவர்கள் விக்கெட் கீப்பரை நினைத்து ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் கேட்ச்சருடைய அதிகாரமும் அவஸ்தையும் அதைவிடப் பெரியவை. மட்டை பிடிப்பவருக்குப் பின்னால், முகத்தில் கம்பிக்கூடும் மார்பில் கவசமும் முழங்காலுக்குக் கீழே காப்பும் கட்டிக்கொண்டு, குந்திய நிலையில் அமர்ந்து, மணிக்கு 90 மைலுக்கு மேற்பட்ட வேகத்திலும் வரும் பந்துகளை, ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கு மேல், அவர் கையில் வாங்கியாக வேண்டும். அந்தக் கம்பிக்கூடு 1877-இல் ஹார்வர்டு மாணவர்களிடையே தோன்றியது. கால் காப்பை 1907-இல் நியூயார்க்கின் ரோஜர் பிரெஸ்னஹன் அணிந்து வந்தபோது ஊர் சிரித்தது என்பார்கள். பந்தெறியும் பிட்சர் எந்தப் பந்தை எறிய வேண்டும் என்பதைத் தொடைகளுக்கு நடுவே விரல்களை நீட்டியும் மடக்கியும் சொல்லிக் கொடுப்பவர் கேட்ச்சர்தான். 2022 முதல் அந்தச் சமிக்ஞையை மின்விசைகளின் மூலம் அனுப்பும் வசதி வந்துவிட்டது. என்றாலும், யோசனை அவருடையதே. தம் குழுவின் மற்ற எட்டுப் பேரும் உள்நோக்கி நிற்க, அவர் ஒருவர் மாத்திரம் வெளிநோக்கி அமர்ந்திருப்பதால், களம் முழுவதும் அவர் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கிறது. எந்தப் பிட்சர் எப்போது தைரியம் இழப்பான், எவனைத் தட்டிக்கொடுக்க வேண்டும், எவனிடம் நடந்து போய் இரண்டு வார்த்தை கடிந்து சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். விரல் எலும்புகள் கோணிப்போய், முழங்கால்கள் தேய்ந்துபோய், வெயிலில் பத்தாண்டுகள் ஓர் ஊருக்காகக் குந்தியிருந்த மனிதரை அந்த ஊர் வெறும் கூலியாளாக எப்படி நினைக்கும்?

முதலாளிகள் நினைத்தார்கள்; சட்டமும் அவர்கள் பக்கம் இருந்தது. 1879-இல் தேசிய லீக்கின் முதலாளிகள் தமக்குள் ரகசியமாகச் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு குழுவும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம், அவர்களை வேறெந்தக் குழுவும் தொடக்கூடாது என்று ஆயிற்று. நாளடைவில் அந்த ஒதுக்கீடு எல்லா ஆட்டக்காரர்களையும் தழுவிக்கொண்டது. ஒப்பந்த காலம் முடிந்தாலும் ஆட்டக்காரன் அந்தக் குழுவுக்கே உரியவன். அவனை வைத்துக்கொள்வதும் விற்பதும் மாற்றுவதும் குழுவின் சித்தம். இந்த வியவகாரத்தின் முழு உருவம் ஜனங்களுக்கு முதன்முதலாகத் தெரிந்தது 1887-இல், சிகாகோ குழுவின் முதலாளி ஏ. ஜி. ஸ்பால்டிங், மைக் கெல்லி என்ற ஆட்டக்காரரை 10,000 டாலருக்குப் பாஸ்டனுக்கு விற்றபோது. கெல்லி வெளிக்களத்திலும் நின்றார், கேட்ச்சராகவும் குந்தினார். தளம் விட்டுத் தளம் சறுக்கிப் பாய்வதில் அந்தக் காலத்தில் அவருக்கு நிகரில்லை. ஒரு மனிதனுக்கு அவ்வளவு விலையா என்று தேசமே வாய் பிளந்தது. 1885, 1886 இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்ற சிகாகோ, அவரை விற்ற பிறகு மறுபடி பட்டத்தைக் கண்டது 1906-இல்தான். அந்த விற்பனை நடந்த அதே ஆண்டில், நியூயார்க்கின் ஆட்டக்காரரும் சட்டம் பயின்றவருமான ஜான் மான்ட்கோமரி வார்டு, பேஸ்பால் ஆடுபவன் உடைமைப் பொருளா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு விடை கிடைக்க ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

ஜனங்களின் மனக்குறை விதியையே மாற்றிய சந்தர்ப்பம் ஒன்றும் இடையில் நிகழ்ந்தது. 1922 ஜூலையில், பட்டத்துக்காக நியூயார்க் யாங்கீஸும் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸும் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்த சமயத்தில், பாஸ்டன் குழு ஜோ டூகன் என்ற நல்ல ஆட்டக்காரரை யாங்கீஸுக்கு மாற்றிக் கொடுத்தது. செயின்ட் லூயிஸ் ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தது. பணம் படைத்த குழு பாதி வழியில் ஆள் சேர்த்துக்கொண்டு ஜெயிப்பது தர்மமா என்று அந்த நகரம் எழுப்பிய ஆக்ஷேபத்தின் பலனாகவே, அடுத்த ஆண்டு முதல் ஜூன் 15-க்குப் பிறகு இஷ்டம்போல் பரிமாற்றம் கூடாது என்ற கெடு பிறந்தது. 1986-இல் அது ஜூலை 31-க்குத் தள்ளிப்போயிற்று. இன்று ஜூலைக் கடைசியில் அபிமானிகளை வாட்டும் அந்தக் கெடுவுக்கு மூலகாரணம் ஒரு காலத்து அபிமானிகளின் கோபமே.

ஆனால் கேட்ச்சரை இழந்த ஊரின் துயரத்தை அதன் முழு ஆழத்தோடு அறிய வேண்டுமானால் பிலடெல்பியாவுக்குத்தான் போக வேண்டும். அத்லெடிக்ஸ் என்ற குழுவை அங்கே நடத்திவந்தவர் கோனி மேக். விறைத்த கழுத்துப்பட்டையும் சாதாரண உடையுமாகவே ஆட்டக்காரர்களின் இருக்கையில் வீற்றிருந்து, கையில் சுருட்டிய காகிதத்தால் களத்தில் நிற்பவர்களை இடம் மாற்றி நிறுத்துவது அவர் வழக்கம். தாமும் இளமையில் கேட்ச்சராக இருந்தவர். 1929, 1930, 1931 மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து லீக் பட்டத்தையும், அவற்றில் முதல் இரண்டு ஆண்டுகளில், இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரையும் அவருடைய குழு வென்றது. அந்தக் குழுவின் உயிர்நாடி மிக்கி காக்ரேன் என்ற கேட்ச்சர். தோல்வியைச் சகிக்காத சுபாவம், மட்டையிலும் மிகுந்த திறமை, பிட்சர்களை அடக்கி ஆளும் ஆளுமை மூன்றும் ஒருங்கே அமைந்த மனிதர். ஓக்லஹோமாவில் ஒரு சுரங்கத் தொழிலாளி தம் மகனுக்கு மிக்கி என்று அவர் பெயரையே வைத்தார், அந்தப் பிள்ளை பிற்காலத்தில் மிக்கி மேன்டில் என்று உலகப் பிரசித்தி பெற்றான் என்றால், காக்ரேனின் கீர்த்தி எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பது விளங்கும்.

அப்போது பெருமந்தம் தேசத்தைக் கவ்வியிருந்தது. ஆலைகள் மூடின, வேலை இழந்தவன் ஆட்டம் பார்க்கக் காசுக்கு எங்கே போவான்? 1933-இல் அத்லெடிக்ஸ் ஆடிய ஷைப் பார்க்குக்கு வந்தவர்களின் தொகை ஆண்டு முழுவதுக்கும் சேர்த்து மூன்று லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கடன் கொடுத்த வங்கி நெருக்கியது. அந்த டிசம்பரில் ஒரே மூச்சில், பிட்சர் லெஃப்டி குரோவ் முதலானோரைப் பாஸ்டனுக்கும், காக்ரேனை டெட்ராயிட்டுக்கும் மேக் கொடுத்துவிட்டார். காக்ரேனுக்கு ஈடாகக் கிடைத்தது 1,00,000 டாலரும், ஜானி பாசெக் என்ற, பெயர் தெரியாத இளம் கேட்ச்சர் ஒருவனும். அந்த இளைஞனையும் மேக் வைத்துக்கொள்ளவில்லை. அப்போதே சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்.

டெட்ராயிட்டில் காக்ரேன் ஆட்டக்காரராகவும் குழுத் தலைவராகவும் ஒருசேரப் பொறுப்பேற்றார். 1909-க்குப் பிறகு பட்டம் என்பதையே மறந்துபோயிருந்த அந்த ஊர், அவர் வந்த முதல் ஆண்டே, 1934-இல், லீக் பட்டத்தை வென்றது. மறு ஆண்டு உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு பக்கமும் மூன்று ஓட்டங்களில் சமமாக நிற்க, கூஸ் காஸ்லின் வலக்களத்துக்கு ஒரு பந்தை அடிக்க, இரண்டாம் தளத்திலிருந்து ஓடிவந்து, தாம் எத்தனையோ ஆண்டுகள் குந்திக் காத்த அந்த வெள்ளைத் தகட்டை மிதித்து, டெட்ராயிட்டுக்கு முதல் உலகத் தொடர் வெற்றியைத் தேடிக் கொடுத்தவர் காக்ரேன்தான். மோட்டார்த் தொழிலாளர்களின் அந்த நகரம் அன்றிரவு முழுவதும் தெருவிலேயே இருந்தது. அதே 1935-இல் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் லீக்கின் கடைசி இடத்துக்கு இறங்கியிருந்தது. 1954-ஆம் ஆண்டோடு அந்த ஊரை விட்டே போகும்வரை அந்தக் குழு இன்னொரு பட்டத்தைக் காணவில்லை. மேக் செய்ததற்கு நியாயமே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கிருந்த நிர்ப்பந்தம் மெய்யானது. ஆனால் விற்றவருக்குக் கடன் தீர்ந்தது. ஊருக்கு மிஞ்சியது என்ன? இருபது ஆண்டுத் தோல்வியைச் சுமந்தவர்கள், சொற்பக் காசு கொடுத்து மேல் வரிசையில் உட்கார்ந்து பழகியிருந்த சாமானிய ஜனங்களே அல்லவா!

காக்ரேன் காலத்தில் ஈடாகக் கிடைத்தது பெரும்பாலும் பணமே. பணத்தின் இடத்துக்கு இளைஞர்கள் வந்ததற்குக் காரணமானவர் பிராஞ்ச் ரிக்கி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஏழைக் குழுவாக இருந்த நாளில், விலை கொடுத்து ஆள் வாங்க வழியில்லாததால், சிற்றூர்களில் ஆடும் சிறு குழுக்களைத் தம் வசப்படுத்தி, அவற்றில் இளைஞர்களை நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பக்குவப்படுத்தும் ஏற்பாட்டை 1920-ஐ ஒட்டி அவர் தொடங்கினார். மற்றவர்களும் பின்பற்றினார்கள். இதனால் ஒரு புதுவகைச் செல்வம் சிருஷ்டியாயிற்று: இன்னும் ஆடாத ஆட்டம், இன்னும் அடிக்காத அடி, இவற்றுக்கு ஒரு விலை. அந்த விலையை நிர்ணயிப்பவர்கள் முதலாளிகளும் அவர்களுடைய ஒற்றர்களுமே. அபிமானிக்கு அந்த இளைஞர்களைக் கண்ணால் பார்க்கும் சந்தர்ப்பமே கிடையாது. ரிக்கியே பிற்காலத்தில் புரூக்ளினில் இருந்தபோது செய்த ஒரு பரிமாற்றம் இந்த முறையின் எல்லையைக் காட்டும். 1948-இல் புரூக்ளினின் வானொலி வர்ணனையாளர் ரெட் பார்பர் குடல் புண்ணால் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக அட்லான்டாவில் வர்ணனை செய்துவந்த எர்னி ஹார்வெலை வரவழைக்க ரிக்கி விரும்பினார். அட்லான்டாக் குழுவின் முதலாளி, அவரை விடவேண்டுமானால் ஒரு கேட்ச்சரைத் தா என்றார். கிளிஃப் டாப்பர் என்ற கேட்ச்சர் அனுப்பப்பட்டார். 1942-இல் புரூக்ளினுக்காக எட்டே ஆட்டங்கள் ஆடி, அவற்றில் அபாரமாக அடித்து, அதற்கு மேல் வாய்ப்பே கிடைக்காதவர் அவர். ஒரு குரலுக்கு ஒரு கேட்ச்சர் என்று அந்தக் கணக்குத் தீர்ந்தது.

இந்த உடைமை முறையை எதிர்த்து நின்றவர் கேட்ச்சர் இல்லை. ஆனால் அவரை எதிர்க்கவைத்த பரிமாற்றத்திலும் ஒரு கேட்ச்சர் இருந்தார். 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் குழு, நடுக்களத்தில் நின்ற கர்ட் ஃபிளட்டையும், 1964-லும் 1967-லும் உலகத் தொடரை வென்ற குழுக்களின் கேட்ச்சரான டிம் மக்கார்வரையும், இன்னும் இருவரையும் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. மக்கார்வர் போனார். ஃபிளட் போகமாட்டேன் என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஊரில் ஆடியவரும் கறுப்பினத்தவருமான அவர், தம் சம்மதத்தைக் கேளாமல் தம்மை வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சொத்து அல்ல என்று பேஸ்பால் கமிஷனருக்கு எழுதிவிட்டு, வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆயினும் மறு ஆண்டே, பத்தாண்டு பெரிய களத்தில் ஆடி அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே குழுவில் இருந்தவர் தம்மை மாற்றுவதை மறுக்கலாம் என்ற உரிமை வந்தது. 1975 டிசம்பரில் மத்தியஸ்தர் பீட்டர் சீட்ஸ் அளித்த தீர்ப்பால், ஒப்பந்த காலம் முடிந்தவனை ஆயுள் முழுவதும் கட்டிவைக்கும் பழைய விதி உடைந்தது. ஃபிளட் விதைத்ததை மற்றவர்கள் அறுத்தார்கள்.

விடுதலை கிடைத்த ஆட்டக்காரனுக்குச் சம்பளம் ஏறியது. சம்பளம் ஏறவே, அவனைக் கைகழுவ முதலாளிக்கு ஒரு புதுக் காரணம் கிடைத்தது. மான்ட்ரியல் எக்ஸ்போஸின் கேரி கார்ட்டர் இதற்கு முதல் பெரிய உதாரணம். அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் பெரிய குழுவான எக்ஸ்போஸில் வளர்ந்து, சிரித்த முகமும் ஓயாத உற்சாகமுமாக அந்தக் கனடிய நகரத்தின் செல்லப் பிள்ளையாக விளங்கியவர் அவர். ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முதலாளி சார்லஸ் பிரான்ஃப்மன் பின்னால் அதற்காக வருந்தினார். 1984 டிசம்பரில் கார்ட்டர் நியூயார்க் மெட்ஸுக்குப் போனார். ஈடாக நால்வர் வந்தார்கள். வந்தவர்கள் சோடைபோகவில்லை. ஹூபி புரூக்ஸ் முதல் ஆண்டே நூறு ஓட்டங்களைச் சேர்த்துக் கொடுத்தார். ஃபிளாய்டு யூமன்ஸ் என்ற இளம் பிட்சர் 1986-இல் பிரகாசித்துவிட்டு விரைவில் மங்கினார். ஆனால் அதே 1986-இன் உலகத் தொடரில், பத்தாவது இன்னிங்ஸில், இரண்டு ஓட்டம் பின்தங்கி, இரண்டு பேர் ஆட்டமிழந்து, தோல்வி வாசலில் வந்து நின்ற வேளையில், மெட்ஸ் சார்பில் மட்டையோடு வந்து ஒரு பந்தை இடக்களத்துக்குத் தட்டிவிட்டு முதல் தளத்தில் போய் நின்றவர் கார்ட்டர். அவர் ஆரம்பித்து வைத்ததை அடுத்து வந்தவர்கள் தொடர்ந்தார்கள். கடைசியில் மூக்கி வில்சன் அடித்த பந்து பாஸ்டன்காரர் பில் பக்னரின் கால்களுக்கு இடையே உருண்டோட, மெட்ஸ் பிழைத்து, அடுத்த ஆட்டத்தையும் வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியது. எக்ஸ்போஸ் எந்நாளும் உலகத் தொடரைக் காணாமலே 2004-க்குப் பிறகு மான்ட்ரியலை விட்டுப் போயிற்று.

அதற்கு முன்பு ஒரு பிராயச்சித்தம்போல் ஒன்று நடந்தது. 1992-இல் தேய்ந்த முழங்கால்களோடு கார்ட்டர் மான்ட்ரியலுக்கே திரும்பினார். செப்டம்பர் 27-ஆம் நாள், சொந்தக் களத்தில் அவருடைய கடைசி ஆட்டம். சிகாகோவுக்காக வலக்களத்தில் நின்றவர் ஆண்ட்ரே டாசன். முன்பு மான்ட்ரியலில் கார்ட்டரோடு ஒன்றாக ஆடியவர், அவரும் ஊரை விட்டுப் போனவர்தான். கார்ட்டர் அடித்த பந்து அந்த டாசனின் தலைக்கு மேலே பறந்து விழ, இரண்டாம் தளம்வரை ஓடி நின்றார். அவருக்குப் பதிலாக ஓட வேறொருவன் வர, கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்க, அவர் களத்தை விட்டு இறங்கினார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு தாங்கள் சம்மதிக்காத ஒரு பேரத்தை அந்த ஜனங்கள் அன்று ஒரு சில நிமிஷமாவது ரத்து செய்துகொண்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

மூக்கி வில்சன் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் கேட்ச்சர் வர்த்தகத்தின் சரித்திரத்தில் மிகப் பெரிய அத்தியாயத்தில் அவரை மாற்றாந்தந்தையாகக் கொண்ட பிரஸ்டன் வில்சன் வருகிறார். அந்த அத்தியாயத்தின் நாயகர் மைக் பியாஸா. 1988-இல் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் 62-ஆவது சுற்றில், ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேருக்குப் பின்னால், குழுத் தலைவர் டாம் லசோர்டா தம் நண்பரின் மகன் என்ற தாட்சண்யத்துக்காகச் சொல்லி லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் எடுத்துக்கொண்ட பிள்ளை அவர். முதல் தளத்தில் நின்றவரைக் கேட்ச்சராக மாற்றினார்கள். 1993-இல் சிறந்த புதுமுகம் என்ற பரிசு. 1997-இல் 40 ஹோம் ரன்கள். கேட்ச்சர் ஒருவர் அப்படி மட்டை வீசுவது அபூர்வம். 1998 மார்ச்சில் ஓமாலி குடும்பத்திடமிருந்து டாட்ஜர்ஸ் ரூபர்ட் முர்டாக்கின் நிறுவனத்துக்குக் கைமாறியது. பியாஸாவோடு ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. சுமார் 8 கோடி டாலர் போதாது என்று அவர் மறுத்துவிட்டார். மே மாதத்தின் நடுவில், குழுவின் பொது மேலாளர் பிரெட் கிளேருக்கே முன்கூட்டித் தெரியாமல், தொலைக்காட்சி வியாபாரத்தைக் கவனிக்கும் மேலதிகாரிகள், அவரை ஃபுளோரிடா மார்லின்ஸுக்குக் கொடுத்துப் பேரத்தை முடித்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் தந்தையும் பாட்டனும் டாட்ஜர்ஸ் ஆட்டம் பார்த்து வந்த குடும்பங்கள் அதுவரை அறியாத ஓர் அவமானத்தை அன்று அறிந்தன. ஆட்டத்தைப் பற்றி முடிவெடுப்பவன் ஆட்டம் அறிந்தவனாக இருப்பான் என்ற குறைந்தபட்ச நம்பிக்கையும் போயிற்று. அடுத்த மாதமே கிளேரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

ஃபுளோரிடாவின் நிலை இன்னும் பரிதாபம். 1997-இல் உலகத் தொடரை வென்ற அந்தக் குழுவை, வென்ற கையோடு, முதலாளி வெய்ன் ஹைசெங்கா செலவு மிஞ்சிவிட்டதென்று ஒவ்வோர் ஆளாக விற்றுக்கொண்டிருந்தார். பியாஸா அங்கே ஐந்தே ஆட்டங்கள் ஆடினார். மே 22-ஆம் நாள் அவர் நியூயார்க் மெட்ஸுக்குப் போனார். ஈடாக வந்தவர்கள் பிரஸ்டன் வில்சன், எட் யார்னல், ஜெஃப் கோட்ஸ் என்ற மூன்று இளைஞர்கள். நியூயார்க்கிலோ, இரவும் பகலும் விளையாட்டைப் பற்றியே பேசும் வானொலி நிலையமான டபிள்யூ.எஃப்.ஏ.என்., அந்த ஒரு வாரமும் பியாஸாவை எப்படியாவது வாங்குங்கள் என்று முறையிட்ட அபிமானிகளின் தொலைபேசி அழைப்புகளால் நிரம்பியிருந்தது. வாங்கியபின், எதிர்பார்த்தபடி அடிக்கவில்லையென்று கோடைகாலத்தில் அவரையே அவர்கள் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. அதையும் தாங்கிக்கொண்டு, அந்த அக்டோபரில் ஏழாண்டுக்கு 9 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 2001 செப்டம்பர் 21-ஆம் நாள், இரட்டைக் கோபுரங்கள் இடிந்து பத்து நாள் கழித்து, நியூயார்க்கில் மறுபடி நடந்த முதல் ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் பின்தங்கியிருந்த மெட்ஸை முன்னுக்குக் கொண்டுவந்த ஹோம் ரன்னை அடித்தவர் அவர். 2016-இல் கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்தில் மெட்ஸ் தொப்பியோடு அவருடைய உருவம் பதிக்கப்பட்டது.

அந்த மூன்று இளைஞர்கள் என்ன ஆனார்கள்? கோட்ஸ் பெரிய களத்தை எட்டவேயில்லை. யார்னலை மார்லின்ஸ் மறு ஆண்டே யாங்கீஸுக்குக் கொடுத்து, மைக் லோவல் என்ற மூன்றாம் தளத்துக்காரரை வாங்கியது. வில்சன் 2000-இல் 31 ஹோம் ரன்கள் அடித்துவிட்டு, 2002 நவம்பரில் கொலராடோவுக்குப் போனார். அந்தப் பேரத்தில் ஓட்டத்தில் மின்னலான ஹுவான் பியர் வந்து சேர்ந்தார். லோவலும் பியரும் இருந்த மார்லின்ஸ் 2003-இல் யாங்கீஸைத் தோற்கடித்து மறுபடியும் உலகத் தொடரை வென்றது. ஆகவே, ஐந்தாண்டு கழித்து ஏட்டைப் புரட்டிப் பார்ப்பவனுக்கு, பியாஸாவை விட்டது லாபம் என்றே கணக்கு வரும். இப்படி லாபக் கணக்குக் காட்டக்கூடிய வேறு உதாரணங்களும் உண்டு. 2003 நவம்பரில் மினசோட்டா தன் கேட்ச்சர் ஏ. ஜே. பியர்சின்ஸ்கியைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து ஜோ நேதன், பிரான்சிஸ்கோ லிரியானோ, பூஃப் பான்சர் மூவரையும் பெற்றது. சொந்த மண்ணின் பிள்ளையான ஜோ மவருக்கு அதனால் இடம் கிடைத்தது. அந்தப் பேரத்தை இன்றுவரை மினசோட்டாக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்குகளைக் காட்டித்தான் அபிமானியின் கோபத்தை அறிவீனம் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஐந்தாண்டு கழித்து வந்த வெற்றி, ஐந்தாண்டுக்கு முன் பறிகொடுத்தவனின் துயரத்தைப் பொய்யாக்கிவிடாது. 1998-இல் 108 ஆட்டங்களில் தோற்ற மார்லின்ஸை, ஒவ்வொரு மாலையும் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தவன் அனுபவித்தது ஏட்டில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பின்னால் வந்த லாபம் பெரும்பாலும் முன்யோசனையால் வந்ததுமில்லை. யார்னலை வாங்கியவர்கள் லோவலை நினைத்து வாங்கவில்லை. அதிர்ஷ்டத்தைத் தீர்க்கதரிசனம் என்று பின்னால் பெயர் மாற்றிக்கொள்வது முதலாளிகளுக்குப் பழகிப்போன காரியம்.

இதற்கிடையில் அபிமானியும் மாறிவிட்டான். 1981-இல் தொடங்கிய பேஸ்பால் அமெரிக்கா என்ற பத்திரிகை, சிற்றூர்க் களங்களில் ஆடும் இளைஞர்களைத் தேடித் தேடி எழுதியது. 1990 முதல் அவர்களில் தலைசிறந்த நூறு பேரை வரிசைப்படுத்தி ஆண்டுதோறும் வெளியிட்டது. பிலடெல்பியாக்காரனுக்கு ஜானி பாசெக் யாரென்று தெரிந்திருக்க வழியில்லை. இன்றைய அபிமானிக்கோ, தன் கேட்ச்சருக்கு ஈடாக வரும் பத்தொன்பது வயதுப் பையனின் பந்து எத்தனை மைல் வேகம், வரிசையில் அவன் எத்தனையாவது என்பதெல்லாம் மனப்பாடம். ஆகையால் இப்போது எழும் கூக்குரல் இரண்டு குரலாகப் பிரிந்து கேட்கிறது. எங்கள் ஆளை ஏன் கொடுத்தீர்கள் என்பது ஒன்று; கொடுத்ததுதான் கொடுத்தீர்கள், ஏன் இவ்வளவு மலிவாகக் கொடுத்தீர்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது குரலில் முதலாளியின் பாஷை கலந்துவிட்டது என்பது எனக்கு வருத்தம் தருவதே. ஆனால் அறிவு வளர்ந்ததைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஆட்டக்காரனின் நிலையும் மாறிவிட்டது. 2016 ஜூலையில் மில்வாக்கியின் கேட்ச்சர் ஜொனதன் லூக்ராயைக் கிளீவ்லாண்டுக்கு மாற்ற எல்லாம் பேசி முடித்த பிறகு, அவர் தம் ஒப்பந்தத்தில் இருந்த உரிமையைக் காட்டி, மறு ஆண்டு தமக்குக் கேட்ச்சர் இடம் உறுதியில்லாத ஊருக்குப் போகமாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஃபிளட் கேட்டது அவருக்குக் கிடைத்திருந்தது. கெடு தீரும் நாளில் அவர் டெக்சாஸுக்குப் போனார். ஈடாக வந்த லூயிஸ் பிரின்சன் என்ற இளைஞனை மில்வாக்கி பின்னர் மார்லின்ஸுக்குக் கொடுத்த பேரத்தில் கிறிஸ்டியன் யெலிச்சைப் பெற்று, அந்த யெலிச் 2018-இல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரரானார்.

யெலிச்சைக் கொடுத்த மார்லின்ஸ் அப்போது மறுபடியும் விற்பனையில் இறங்கியிருந்தது. 2017-இல் யாங்கீஸின் முன்னாள் ஆட்டக்காரர் டெரக் ஜீட்டரைப் பங்காளியாகக் கொண்ட புது முதலாளிகள் வந்ததும், பெயர் பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்த டிசம்பரில் மியாமியில் பருவச் சீட்டு வாங்கியவர்களை அழைத்து ஒரு கூட்டம் நடத்தப்பட்டது. அபிமானிகள் எழுந்து நின்று, எத்தனை முறைதான் நாங்கள் முதலிலிருந்து ஆரம்பிப்பது என்று ஜீட்டரை நேருக்கு நேர் கேட்டார்கள். 2019 பிப்ரவரியில் கடைசியாக மிஞ்சியிருந்த நட்சத்திரமான கேட்ச்சர் ஜே. டி. ரியல்முட்டோவும் பிலடெல்பியாவுக்குப் போனார். வந்தவர்களில் பெரிதும் நம்பப்பட்ட சிக்ஸ்டோ சாஞ்செஸ் என்ற டொமினிக்கன் இளைஞர் 2020-இல் சில வாரங்கள் எல்லோரையும் பிரமிக்கவைத்துவிட்டுத் தோள் நோயில் விழுந்தார்; மறுபடி பெரிய களத்தில் அவர் பந்தெறிந்தது 2024-இல்தான். ரியல்முட்டோவோ 2022 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், ஹியூஸ்டனில், பத்தாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்துப் பிலடெல்பியாவை ஜெயிக்கவைத்தார். காக்ரேனை இழந்த அதே நகரம் இம்முறை வாங்கிய பக்கத்தில் இருந்தது. மியாமியின் அபிமானிகள் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது, அதைச் செய்தார்கள். 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் மார்லின்ஸ் களத்துக்கு வந்தவர்கள் ஆண்டுக்கு 8 லட்சத்துச் சொச்சம் பேர். பெரிய லீக்குகளின் முப்பது குழுக்களில் அதைவிடக் குறைந்த கூட்டம் வேறெந்தக் களத்திலும் இல்லை.